காதுகுத்து முடியட்டும்

காது சோதிக்கும் தொழிலில் இருப்பவர்களுக்கு முதலில் கெடுவது தொண்டை. கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மாடியில் பல வருஷமாக இதைச் செய்து வருகிறேன். ஊரில் எனக்குப் பெயர் 'காது மிஷின் டாக்டரம்மா'. நான் டாக்டர் இல்லை என்று ஆரம்பத்தில் சொல்லிப் பார்த்தேன். அதையும் கத்திச் சொல்ல வேண்டியிருந்ததால் விட்டுவிட்டேன். பல் டாக்டரிடம் வருகிறவர் வலியோடு வருகிறார், சொன்னதைச் செய்கிறார். உள்காது கெட்டால் வலிக்காது, ரத்தம் வராது, வீங்காது. அதனால் நான் சொல்வதை யாரும் நம்ப வேண்டிய கட்டாயம் இல்லை. வாத்தியார்கள், கண்டக்டர்கள், இன்சூரன்ஸ் ஏஜெண்டுகள், சொல்லிச் சொல்லி வாய் ஓய்ந்துபோன மற்ற எல்லாருக்கும் என் நிலைமை புரியும்.

தாம்பாளம்

நாகலாபுரம் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம் வந்தது. ஒன்றரை வயதுப் பெண் குழந்தை, பெயர் வர்ஷினி. அம்மா கௌசல்யாவின் இடுப்பில் இருந்தாள். அப்பா செருப்பைக் கழற்றிவிட்டு வாசலிலேயே நின்றுகொண்டார். பேசியதெல்லாம் பெரியப்பா. அந்த வீட்டில் விதைப்பிலிருந்து கல்யாணம் வரை எல்லாவற்றையும் முடிவு செய்கிறவர் அவர்தான் என்பது நாற்காலியை இழுத்துப் போட்ட விதத்திலேயே தெரிந்தது. "பிள்ளை இன்னும் அம்மான்னு ஒரு வார்த்தை சொல்லல. இவ போட்டு நச்சரிக்கா. அதான் கூட்டியாந்தோம்" என்றார்.

கையோடு ஒரு எவர்சில்வர் தாம்பாளமும் கரண்டியும் கொண்டுவந்திருந்தார். குழந்தைக்குப் பின்னால் போய் நின்று ஓங்கி ஒரு தட்டு. வெளியே பெஞ்சில் காத்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். குழந்தை திரும்பியது. பெரியப்பா என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் குழந்தையைப் பார்க்கவில்லை, அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கரண்டி ஓங்கும்போதே கௌசல்யாவின் கண் அங்கே போய்விட்டது. அந்தக் கண் போன பக்கம் குழந்தை பார்த்தது, அவ்வளவுதான். கௌசல்யாவை ஜன்னலைப் பார்க்கச் சொல்லிவிட்டு மறுபடியும் தட்டச் சொன்னேன். தட்டினார். இன்னும் ஓங்கித் தட்டினார். குழந்தை ஜன்னலைப் பார்த்தது. பெரியப்பா தாம்பாளத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "வீட்டுல தட்டும்போது நல்லாத் திரும்புச்சு. உங்க ரூம்ல ஏசி ஓடுதுல்லா, சத்தம் அமுங்கிப் போகுது."

மைக்செட்

கழுகுமலைக்காரர் ஒருவரை அவர் மனைவி இழுத்துக்கொண்டு வந்தார். சுற்று வட்டாரத்தில் கோயில் கொடை, கல்யாணம், கட்சிக் கூட்டம் எதுவானாலும் அவருடைய மைக்செட்தான். மீசை முளைத்த நாளிலிருந்து ஸ்பீக்கர் பெட்டிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து வாழ்ந்தவர்.

உள்காதில் நத்தை ஓடு மாதிரி ஒரு சுருள் இருக்கிறது. அதற்குள் நீர். நீருக்கு நடுவே நீளமாக ஒரு சவ்வு, அதன்மேல் வரிசை வரிசையாக முடி முளைத்த செல்கள். சத்தம் வந்தால் நீர் அலையும், சவ்வு ஆடும், முடி சாயும், நரம்புக்குச் செய்தி போகும். வாசல் பக்கம் சவ்வு குறுகலாக, விறைப்பாக இருப்பதால் கீச்சென்ற சத்தம் அங்கேயே பிடிபடும். உள்ளே போகப் போக அகலமாகித் தளர்ந்துவிடும். மேளச் சத்தமெல்லாம் கடைக்கோடியில்தான். பெருஞ்சத்தத்தில் பெரும்பாலும் முதலில் சாவது வாசல் பக்கத்து முடி. நம் புஞ்சையில் மழை தப்பினால் அடுத்த ஐப்பசிக்கு மறுபடி விதைக்கலாம். இந்த முடிக்கு மறுவிதைப்பு கிடையாது. இதில் இன்னொரு கொடுமை, அந்தச் செல்களில் ஒரு பகுதி சும்மா இருப்பவை அல்ல. தாமே துள்ளித் துள்ளி, மெல்லிய சத்தத்தைத் தூக்கிக் கொடுப்பவை. அவை செத்தால் மெல்லிய சத்தம் போய்விடும், பெரிய சத்தம் மட்டும் பழையபடி உறைக்கும். மனைவி சாதாரணமாகக் கூப்பிட்டால் கேட்காது, கொஞ்சம் ஏற்றிக் கூப்பிட்டால் காது கூசும், உடனே சண்டை. அந்த வீட்டுச் சண்டையில் பாதி இதனால்தான் என்று சொன்னேன். அந்த அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மைக்செட்காரர் எழுந்து வேட்டியை மடித்துக் கட்டினார்: "எனக்குக் காது நல்லாத்தான் இருக்கு. ஊர்ல எல்லாரும் வாய்க்குள்ளயே பேசப் பழகிட்டாவ."

காது போடும் சத்தம்

நல்ல காது சத்தத்தை வாங்குவதோடு நிற்காது, திருப்பியும் அனுப்பும். அந்தச் செல்கள் துள்ளுகிற துள்ளலில் மிக மெல்லிய சத்தம் ஒன்று காதிலிருந்து வெளியே வரும். பச்சைக் குழந்தைகளை அதை வைத்துத்தான் சோதிக்கிறோம். ரப்பர் முனையைக் காதில் வைத்து டிக் டிக்கென்று அனுப்பினால், உள்ளே உயிர் இருந்தால் பதில் வரும். அன்று தாம்பாளம் தட்டி ஓய்ந்த பிறகு வர்ஷினி பால் குடித்துவிட்டுத் தூங்கினாள். இரண்டு காதிலும் வைத்தேன். ஒன்றும் வரவில்லை. தலையில் கம்பி ஒட்டி நரம்பையும் சோதித்தேன். கருவி எட்டுகிற உச்சச் சத்தத்துக்குத்தான் ஏதோ மினுக்கென்று அசைந்தது.

வெளியே வந்து சொன்னேன். உள்ளே முடி வேலை செய்யவில்லை, நரம்பு நன்றாக இருக்கும்போலத் தெரிகிறது. ஸ்கேன் பார்த்துவிட்டு, ஆபரேஷன் செய்து அந்தச் சுருளுக்குள் மெல்லிய கம்பி வைத்து நரம்பை நேராகத் தொட்டுவிடலாம், அரசுக் காப்பீட்டிலேயே ஆகிவிடும், அதுவரை இன்றைக்கே காதுக் கருவி மாட்ட வேண்டும். மூளை பேச்சுக்கென்று ஒதுக்கிய இடம் தரிசாகக் கிடந்தால் கண் வந்து உழுதுகொள்ளும், அப்புறம் கேட்டு வாங்க முடியாது, அதனால் பொறுக்காதீர்கள் என்றேன். தரிசைப் பற்றிப் பேசினால் புரியும் என்று நம்பினேன். பெரியப்பா பெஞ்சில் இருந்தவர்களிடம் திரும்பி, "காது சத்தம் போடுமாம்லா" என்று சிரித்தார். பிறகு என்னிடம் காரணத்தைச் சொன்னார். பிள்ளைக்கு இன்னும் காது குத்தவில்லை. குலசாமி கோயிலில், கொடை அன்றுதான் குத்த வேண்டும். யாருக்கு முதல் மரியாதை என்று பங்காளிகளுக்குள் கேஸ் நடப்பதால் கோயில் பூட்டிக் கிடக்கிறது. கேஸ் எப்போது முடியும் என்று கேட்டேன். அது அவருக்கே தெரியாது. "சாமிக்கு நேர்ந்த காது டாக்டரம்மா. முதல்ல தங்கம் ஏறணும். அதுக்கு முன்ன பிளாஸ்டிக்கைக் கொண்டுபோய் மாட்டினா சாமி குத்தம் யார் தலையில விடியும்? காதுகுத்து முடியட்டும், வாரோம்."

தீப்பெட்டி ஆபீஸ்

தீப்பெட்டித் தொழிற்சாலையில் மிஷின் ஓட்டுகிற ஒருவருக்கு ராத்திரி பகல் இல்லாமல் காதில் இரைச்சல். சூப்பர்வைசர் கூட்டிக்கொண்டு வந்தார். காதில் அடைக்கப் பஞ்சு உருளை கொடுங்கள், ஆளை மாற்றி மாற்றிப் போடுங்கள், இல்லாவிட்டால் இவருக்குச் சீக்கிரமே பேச்சு விளங்காமல் போய்விடும் என்றேன். சூப்பர்வைசர் நிஜமாகவே யோசித்தார். யோசித்துவிட்டுச் சொன்னார்: "அப்படிப் போனா ஒரு வகைக்கு நல்லதுதான் மேடம். வேலை நேரத்துல பக்கத்தாளுகிட்ட பேச மாட்டான்."

சத்தம் புகாத அறை

என்னிடம் ஒரு சின்ன அறை உண்டு. சுவரெல்லாம் மெத்தை, கனத்த கதவு. உள்ளே பேசுவது வெளியே வராது. வர்ஷினிக்கு இரண்டரை வயதானபோது கௌசல்யா கோவில்பட்டிக்குத் துணி எடுக்க வந்தவள், குழந்தையோடு தனியாக மாடி ஏறிவிட்டாள். அறைக்குள் போய்க் கதவைச் சாத்தியதும், "இங்கன பேசினா வெளிய கேக்காதுல்லா?" என்றாள். குழந்தை குப்புற விழப் பழகும் முன்பே தனக்குத் தெரியும் என்றாள். சொன்னால், உங்க வம்சத்துக் கோளாறு என்று தன் பிறந்த வீட்டை இழுப்பார்கள் என்று வாயைத் திறக்கவில்லை. கேஸ் வாய்தா வாய்தாவாகப் போகிறது. குழந்தை கையைப் பிடித்து இழுத்துத்தான் எதையும் கேட்கிறாள்.

சோதனைக்கு வைத்திருந்த கருவியை முழுச் சத்தத்தில் வைத்துக் குழந்தைக்கு மாட்டினேன். கௌசல்யா காதுப் பக்கம் குனிந்து, "வர்ஷினி" என்றாள். குழந்தையின் கை அப்படியே நின்றது. இன்னொரு தரம் கூப்பிட்டாள். குழந்தை அம்மாவின் வாயில் விரலை வைத்து அழுத்திப் பார்த்தது. எனக்கு அந்தப் பெரியப்பாவை, பங்காளிகளை, கோர்ட்டை எல்லாம் ஒரே அறையில் அடைத்துப் பூட்ட வேண்டும்போல ஆத்திரம் வந்தது. மறைத்து எடுத்துப் போ, ஆண்கள் புஞ்சைக்குப் போனதும் மாட்டு என்றேன். கௌசல்யா தானே கருவியைக் கழற்றி என் கையில் கொடுத்தாள். "ஒரு நாள் பாத்துட்டாவன்னா என்னை வீட்டுல வைக்க மாட்டாவ. பிள்ளைக்குக் கேட்டத நான் பாத்தேன்னு மட்டும் வெளிய சொல்லிராதீங்க. நான் ஒண்ணும் தெரியாத மாதிரியே இருந்துக்கிடுதேன்."

கொடை

கேஸ் ராஜியானபோது வர்ஷினிக்கு நாலரை வயது தாண்டியிருந்தது. பெரியப்பாவே பத்திரிகை கொண்டுவந்து வைத்தார். "நீங்க அவசியம் வரணும்" என்றார். போனேன். இன்றைக்குத் தங்கம் ஏறிவிட்டால் நாளைக்கு ஆஸ்பத்திரி, பிந்தினாலும் கொஞ்சமாவது பேச்சை மீட்கலாம் என்ற கணக்கு எனக்கு.

வேப்பமரத்தடியில் தாய்மாமன் மடியில் உட்கார வைத்து ஆசாரி குத்தினார். வர்ஷினி வீறிட்டு அழுதாள். அழுகை மட்டும் எல்லாக் குழந்தைக்கும் ஒரே மாதிரிதான் வருகிறது. கூடவே இன்னும் பத்துப் பன்னிரண்டு பங்காளி வீட்டுக் குழந்தைகளுக்கும் குத்தினார்கள். எல்லாம் ஓய்ந்து, கம்மலோடு பிள்ளைகள் மண்ணில் விளையாட உட்கார்ந்த பிறகு பெரியப்பாவிடம் போனேன். "இனி ஆபரேஷனுக்கு அனுப்பிடுவீங்கல்லா?" என்றேன். அவர் வாயைத் திறக்கும் முன் கோயிலுக்குப் பின்னால் வேட்டு போட்டார்கள். அடுத்தடுத்து விழுந்த வேட்டில் தரை அதிர்ந்தது. பிள்ளைகள் அலறிக்கொண்டு அம்மாக்களிடம் ஓடின. வர்ஷினி உட்கார்ந்த இடத்திலேயே கையை மண்ணில் பரப்பி வைத்து, மற்ற பிள்ளைகளின் திறந்த வாய்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். கௌசல்யா என்னைப் பார்த்தாள். பெரியப்பா ஓடிப்போய்க் குழந்தையைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார். அவர் முகத்தில் அப்படி ஒரு பூரிப்பை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. "பாத்தீங்களா டாக்டரம்மா? அத்தனை பிள்ளையளும் அலறுதுவ, இது அசையுதா பாருங்க. எங்க வீட்டு ரத்தம். பயம்னா என்னன்னே தெரியாது. இதைப் போயா அறுக்கச் சொல்லுதீங்க?"

இத்தனை வருஷத் தொழிலில் நான் தெரிந்துகொண்டது, நம் பக்கத்தில் காதின் வெளிப்புறத்துக்கு மட்டும் யாரும் ஒரு குறையும் வைப்பதில்லை.