ஓட்டத்துக்கு ஒரு பாடவேளை கேட்ட பரீதா டீச்சர்

அஸர் தொழுகை முடிந்த கையோடு பள்ளிவாசல் ஒலிபெருக்கி கரகரத்தது. நான் மீன் கழுவிக்கொண்டிருந்தேன். இன்னாரின் மனைவியும் இன்னாரின் உம்மாவும் இன்னாரின் மாமியுமான பரீதா காலமானார் என்று அறிவித்தார்கள். இன்னா லில்லாஹி சொன்னேன். சொல்லி முடித்ததும் கோபம் வந்தது. மனைவி, உம்மா, மாமி எல்லாம் சரி. இந்த ஊர்ப் பெண்பிள்ளைகளுக்கு ஓடக் கற்றுக்கொடுத்த உடற்கல்வி ஆசிரியை என்று ஒரு வார்த்தை சேர்த்தால் மைக் உடைந்தா போகும்? அவர்கள் விட்டதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

அவரை அறிந்த உங்களிடம் முதலில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். எங்கள் பெண்கள் பாடசாலையில் பரீதா டீச்சருக்கு எதிரி என்று ஒருத்தி இருந்தாள் என்றால் அது நான்தான். நான் கணிதம். அவர் சுகாதாரமும் உடற்கல்வியும். பதினோராம் தரத்தின் ஓ.எல். பொதுப் பரீட்சை நெருங்கினால் உடற்கல்விப் பாடவேளையைக் கணிதத்துக்கு எடுத்துக்கொள்வது எங்களிடையே எழுதாத சட்டம். கேட்கக்கூட மாட்டோம். சோக்குக் கட்டியோடு போய் வகுப்பில் நின்றுவிடுவோம். வேறு யாராவது என்றால் நிம்மதியாகத் தேநீர் குடிக்கப் போயிருப்பார்கள். இவர் வாசலில் வந்து நிற்பார்.

“கணக்குத் தெரியாம ஆரும் மவுத்தாகல்ல டீச்சர். ஓடத் தெரியாமத்தான் மவுத்தாகினாங்க.”

“சோதினையில விழுந்தா அடுத்த கிழமையே இதுகளுக்குக் கலியாணம் பேசிருவாங்க. உங்கட ஓட்டம் அத நிப்பாட்டுமா?” என்று நானும் விடமாட்டேன்.

அவர் சொன்னதன் பாரம் எனக்குப் பிறகுதான் விளங்கியது. சுனாமி வந்த காலையில் அவருடைய தங்கை கேற்றடிவரை ஓடி வந்துவிட்டாள். தலையில் பர்தா இல்லை என்று அங்கே நினைவு வந்தது. எடுக்க உள்ளே திரும்பினாள். அவ்வளவுதான். ஒருநாள் ஆசிரியர் ஓய்வறையில், கொப்பி திருத்திக்கொண்டே இதைச் சொன்னார்.

“அல்லாஹ் அவளப் பொருந்திக்கொள்ளட்டும். அவளில பிழையில்ல. ஓடாத, மெல்லமாக் கதை, குனிஞ்சு நட எண்டுதானே வளத்தம். ரோட்டுக்குப் போனா ஆமிக்காரன்ட சென்றி. ஓடினாச் சுடுவான் எண்டு அந்தப் பயம் வேற. ஓடுறதும் கூடும், அதில குத்தமில்ல எண்டு அவளுக்கு ஆரு செல்லிக்கொடுத்த?”

அதைத்தான் அவர் எங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார். பர்தாவைக் காலையில் குத்தும்போதே எந்த ஓட்டத்திலும் கழலாதபடி ஊசி குத்தும் விதம். காலைத் தடுக்காமல் அங்கியின் ஓரத்தை முடியும் விதம். வழுக்கும் செருப்பைக் கழற்று. எதை விட்டு வந்தாலும் திரும்பாதே. கடலுக்கு முதுகைக் காட்டி, பிரதான வீதியைத் தாண்டி, மேற்கே வயல்வரை ஓடு. ஆனால் போர் நடந்த காலம் முழுவதும் அந்த வீதியில் காவலரண் நின்றது. பிள்ளைகள் மைதானத்தையே சுற்றிச் சுற்றி ஓடினார்கள். போர் முடிந்து காவலரணை அகற்றிய கிழமையே டீச்சர் அவர்களை வீதியில் இறக்கினார். வெள்ளைச் சீருடைகள் வரிசையாக வீதியைக் கடந்து ஓடியதைக் கடைக்காரர்கள் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார்கள்.

மறுநாள் ஒரு தகப்பன் சண்டைக்கு வந்தார். “பொம்புளப் புள்ளைகள ரோட்டில ஓட விடுறீங்களே, இது மார்க்கத்தில இருக்கா?”

டீச்சர் குரலை உயர்த்தவில்லை, அண்ணனை அழைப்பது போலக் காக்கா என்றே அழைத்தார். “மக்காவில ஸபாவுக்கும் மர்வாவுக்கும் இடையில ஹாஜறா நாயகி புள்ளைக்குத் தண்ணி தேடி ஓடினாங்க. நீங்க ஹஜ்ஜுக்குப் போனா அவங்கட பின்னாலதான் ஓடணும் காக்கா.” அந்த மனிதர் வந்த வழியே போனார். அவருடைய மகள் ஓட்டத்திலிருந்து நிற்கவில்லை.

இத்தனையும் பார்த்த பிறகும் நான் திருந்தவில்லை. சில வருடங்கள் கழித்து, பதினோராம் தரத்தின் உடற்கல்விப் பாடவேளைகளை அதிபரிடம் பேசி நேரசூசியிலேயே எனதாக்கிக்கொண்டேன். டீச்சர் சண்டை பிடிக்கவில்லை. “மகள்மாரே, வெள்ளன ஆறரைக்கு வாங்க” என்று மட்டும் பிள்ளைகளிடம் சொன்னார். போனார்கள். பிறகு வியர்வையோடு வந்து என் வகுப்பில் உட்கார்ந்தார்கள். நான் மூக்கைச் சுளித்தேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

அந்த வருட விடுமுறையில் ஒரு பிற்பகல். மேலதிக வகுப்பு நடத்திக்கொண்டிருந்தேன். திடீரென்று வெளியே சத்தம். கடலுக்கு அப்பால் எங்கோ பூமி அதிர்ந்திருக்கிறது, கரையோர மக்கள் உடனே வெளியேற வேண்டும் என்று ஒலிபெருக்கி சொன்னது. நான் சோக்குக் கட்டியைப் பிடித்தபடி நின்றேன். பிள்ளைகள் கத்தவில்லை. ஊசியைத் தொட்டுப் பார்த்தார்கள். ஓரத்தை முடிந்தார்கள். வரிசையாக வெளியேறினார்கள். வகுப்புத் தலைவி ஸஹ்றா என்னிடம் வந்து, “டீச்சர், செருப்பக் கழட்டுங்க” என்றாள். கழற்றினேன். கேற்றடிக்கு வந்ததும்தான் ஞாபகம் வந்தது, புள்ளிப் புத்தகம் மேசையில் கிடக்கிறது. மூன்று வகுப்புகளின் பரீட்சைப் புள்ளிகள். நான் திரும்பினேன்.

ஓம், திரும்பினேன். அந்தத் தங்கையின் கதையைக் கேட்டுப் “பாவம்” என்று சொன்ன அதே நான்.

ஸஹ்றா என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாள். “திரும்பப்படாது டீச்சர். பரீதா டீச்சர் ஏசுவா.” இன்னொருத்தி மற்றக் கையைப் பிடித்தாள். அப்படியே என்னை இழுத்துக்கொண்டு ஓடினார்கள். வீதி கடந்தோம். மூச்சு வாங்கியது. நெஞ்சு வெடித்துவிடும் போலிருந்தது. அவர்கள் விடவில்லை.

வயல் வரம்பில் பரீதா டீச்சர் நின்றார். வீட்டிலிருந்து குறுக்கு வழியாக வந்திருந்தார். ஒவ்வொரு தலையாகத் தொட்டு எண்ணினார். “முப்பத்தொண்டு. அல்ஹம்துலில்லாஹ்.” பிறகு கடைசியாக வந்து விழுந்த என் தலையையும் தொட்டு, “முப்பத்திரெண்டு” என்றார். அப்போதுதான் அவர் அழுததை முதலும் கடைசியுமாகப் பார்த்தேன்.

கடல் வரவில்லை. மஃரிப் தொழுகைக்குப் பிறகு வீடு திரும்பலாம் என்றார்கள். எனக்குள் இருந்த கணக்கு டீச்சர் சும்மா இருப்பாளா? “கடல் வரல்லயே டீச்சர்” என்றேன்.

“அதுக்கென்னகா. நாங்க வந்திட்டம்தானே” என்றார். பிறகு சிரித்துக்கொண்டு, “நீங்கதான் கடைசி. நாளைக்கு ஆறரைக்கு வாங்க.”

பாடசாலை தொடங்கிய அன்றே அதிபரிடம் போய்ப் பாடவேளைகளைத் திருப்பிக் கொடுத்தேன். காலை ஆறரைக்கும் போனேன். நாற்பத்தாறு வயது, பருத்த உடம்பு, நொந்த முழங்கால். பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். “ஒள்ளுப்பம் ஒள்ளுப்பமா, மெல்ல மெல்ல ஓடுங்க டீச்சர், ஆரும் துரத்தல்ல” என்பார் அவர். அடுத்த விடுமுறைக்குள் நான் நிற்காமல் வயல்வரை ஓடினேன். கணிதத்தில் எத்தனையோ பிள்ளைகளைச் சித்தியெய்தச் செய்திருக்கிறேன். அன்று வந்த சந்தோஷம் எனக்கு வேறு எப்போதும் வந்ததில்லை.

மய்யித்து வீட்டில் கால் வைக்க இடமில்லை. அவரிடம் ஓடப் பழகிய பிள்ளைகள் எல்லாம் தங்கள் பிள்ளைகளோடு வந்திருந்தார்கள். அவருடைய முகத்தைப் பார்த்துவிட்டு வந்தேன். அழுதேன், ஆனால் குறை என்று எதுவும் மனதில் இல்லை. அவர் நினைத்ததை முடித்துவிட்டுத்தான் போயிருக்கிறார்.

அவர் தந்ததில் என்னிடம் இருப்பது இந்தக் கால்கள்தான். விடியற்காலை சுபஹுத் தொழுகைக்குப் பிறகு இன்றும் ஓடுகிறேன், மெதுவாக. மவுத்து எனக்கும் எப்படியோ வரும். ஆனால் ஓடத் தெரியாத பெண்ணாக நான் சாகப் போவதில்லை.