றபீக்கா ராத்தாவின் பத்திலக்க எண்

என் மச்சான் மசூரை எனக்குக் கண்ணில் காட்டக்கூடாது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

றபீக்கா ராத்தா எனக்கு நேர் மூத்தவ. உயர்தரக் கணக்கில் கல்முனையில் அவவுக்கு மேலே ஆள் இருக்கவில்லை. எழுபத்தெட்டில் மசூருக்குக் கட்டிக்கொடுத்தார்கள். எங்கள் பக்கத்தில் வீடு வளவு பெண்ணின் பேரில்தான். மாப்பிள்ளை பெட்டியோடு வந்து சேருவார். மச்சான் வந்த கையோடு ராத்தாவின் வளவிலேயே ஓலைக் கொட்டில் போட்டு டியூட்டரி தொடங்கினார். தானும் கணக்குப் படிப்பிக்கிறேன் என்று ராத்தா கேட்டா. "பொம்புளைக்கி அடுப்படியில கணக்கில்லயா?" என்றார். வாய்க்கு மட்டும் குறைவில்லை.

எண்பத்திரண்டில் ஏதோ பழைய சஞ்சிகையில் கண்ட புதிர் ஒன்றைக் கரும்பலகையில் எழுதினார். பூச்சியம் முதல் ஒன்பது வரை எல்லா இலக்கமும் ஒரு தடவை மட்டும் வரும் எண் வேண்டும். அதன் முதல் இரண்டு இலக்கம் இரண்டாலும், முதல் மூன்று மூன்றாலும், இப்படியே பத்தும் பத்தாலும் மீதியில்லாமல் வகுபடவேண்டும். "கண்டுபிடிக்கிற ஆளுக்கு என்ட கணக்கு வகுப்பையே குடுக்கன்" என்று எல்லாருக்கும் முன்னால் சவால் விட்டார். விடை அவருக்கும் தெரியாது.

ராத்தா சோறு வேகும் நேரமெல்லாம் வகுத்தா. மூன்று கிழமையில் ஒரு தாளை நீட்டினா: 7896543210.

"வகுத்துப் பாத்திட்டுச் சொல்லுங்க."

மச்சான் அதைச் சட்டைப் பையில் வைத்தார். மறுகிழமை அதே எண் கொட்டில் வாசலில் ஒரு பலகையில் பெயின்றால் எழுதித் தொங்கியது, "மசூர் ஆசிரியரின் கண்டுபிடிப்பு" என்று. ராத்தாவிடம் போய்க் கத்தினேன். அவ வெங்காயம் உரித்துக்கொண்டே, "அவர் வகுத்துப் பாக்கல்ல, ஹாஜறா" என்றா.

சனிக்கிழமை வகுப்பு நிறைந்திருந்தது. ராத்தா முக்காட்டை இழுத்துவிட்டு நேரே உள்ளே போனா. நானும் பின்னால் போனேன்.

"முதல் ஏழு இலக்கத்த ஏழால வகுத்துக் காட்டுங்க."

மச்சான் சிரித்தபடி வகுத்தார். மீதி நாலு. அழித்துவிட்டு மறுபடி வகுத்தார். நாலேதான். மற்ற எல்லாப் படியும் சரி, ஏழில் மட்டும் உதைத்தது. அந்த முகத்தைப் பார்த்து நான் சந்தோசப்பட்டேன், மறைக்கமாட்டேன்.

ராத்தா பக்கத்தில் 3816547290 என்று எழுதினா. பிள்ளைகள் ஒவ்வொரு படியாக வகுத்தார்கள். ஒன்றிலும் மீதி வரவில்லை.

"இந்த ஒண்டுதான் இருக்கு. ஏழ விட்டுட்டுப் பாத்தா பத்து எண் வரும். அதுல ஒம்பதும் ஏழுல விழுந்திரும்" என்றா.

மச்சான் குரலைத் தாழ்த்தி, "தெரிஞ்சிட்டேதான் பிழையானதத் தந்தயா?" என்று கேட்டார்.

"ஓம். ஒருக்கா வகுத்துப் பாத்து, இது பிழை புள்ள எண்டு சொல்லியிருந்தா, சரியான எண்ணத் தந்து உங்கட பேரையே எழுதச் சொல்லியிருப்பன்."

மச்சான் சுண்ணக்கட்டியை மேசையில் வைத்துவிட்டு வெளியே போனார். மிச்சப் பாடத்தை ராத்தா எடுத்தா.