பேசப்பட்டது

போன வாரம் செங்கம் சாலையில் ஒரு டீக்கடை. தொலைக்காட்சியில் ஏதோ ஒரு நாட்டு அதிபருக்கும் அவருடைய தலைமைச் சட்ட அதிகாரிக்கும் நடந்த சண்டையைப் பற்றி நான்கு பேர் கத்திக்கொண்டிருந்தார்கள். அதிபர் விரும்பியபடி அவர் சட்டக் கருத்து எழுதித் தரவில்லையாம். பக்கத்தில் இருந்தவர், "எழுதிக் குடுத்துட்டுப் போறதுக்கு இன்னா அவருக்கு?" என்றார். நான் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். அந்தக் கதை எனக்கு அலுத்துவிட்டது. சின்ன அளவில் அதில் ஒன்பது வருஷம் நடித்தவன் நான்.

நான் வக்கீல். இங்கே ஓர் உள்ளாட்சி மன்றத்துக்குச் சட்ட ஆலோசகராக இருந்தேன். எது என்று சொல்லப் போவதில்லை. அதன் தலைவர், கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, வியாபாரம் செய்த குடும்பத்துக்காரர். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். அப்படிச் சொல்ல முடிந்திருந்தால் எனக்கு எல்லாமே சுலபமாகியிருக்கும். எனக்குச் சர்க்கரை வியாதி என்று நினைவு வைத்துக்கொண்டு எனக்கு மட்டும் தனியாக டீ சொல்லுவார். "வக்கீல் சார், எனக்குச் சட்டம் தெரியாது. உங்கள தெரியும். அது போதும்" என்பார். முதல் தடவை அதைக் கேட்டபோது உச்சி குளிர்ந்துதான் போனேன்.

எங்கள் வேலை நடந்த விதத்தைச் சொல்ல வேண்டும். என் கருத்தைக் கேட்க வேண்டிய கோப்பு முதலில் அவரிடம் போகும். நான் சரி என்றுதான் சொல்வேன் என்று அவருக்குத் தோன்றினால், 'கருத்து பெறவும்' என்று எழுதுவார். நான் ஒரு பக்கத்துக்கு எழுதித் தருவேன். நான் மறுத்துவிடுவேன் என்று தோன்றினால், ஓரத்தில் 'பேசவும்' என்று ஒரே வார்த்தை. அலுவலகங்களில் எல்லோரும் எழுதுகிற வார்த்தைதான். நான் போய் எதிரே உட்கார்ந்து, கூடாது என்பதை வாயால் சொல்லுவேன். பிறகு அதன் கீழே 'பேசப்பட்டது' என்று எழுதிச் சுருக்கொப்பம் வைப்பேன். என்ன பேசினோம் என்பது எந்தத் தாளிலும் இருக்காது. அவருக்கு மறுப்பு ஏட்டில் ஏறாது, எனக்குப் பதவி போகாது. பல தடவை என் பேச்சைக் கேட்டு வேலையை நிறுத்தியும் இருக்கிறார். அதனால்தான் இந்த ஏற்பாடு நல்லது என்று அத்தனை காலம் நம்பினேன்.

அப்போதுதான் ஓர் அம்மாவின் கோப்பு வந்தது. ஆசிரமத்துப் பக்கம் வீடு. கணவர் இல்லை. வெளிநாட்டுக்காரர்கள் போட்டுக்கொண்டு அலையும் தொளதொள பருத்திப் பேன்ட்டுகள் தைத்துக் கொடுப்பவர். வீட்டின் முன்னறைதான் கடை, அதில் இரண்டு தையல் மிஷின். மாமனார் காலத்துப் பட்டா. சாலையோரம் கால்வாய் கட்ட வேண்டும். முன்னறை புறம்போக்கில் நீட்டிக்கொண்டிருக்கிறது என்பது மன்றத்தின் சந்தேகம். பவுர்ணமி கிரிவலக் கூட்டம் வருவதற்கு முன்னால் வேலை முடிய வேண்டும் என்பது தலைவரின் அவசரம். அந்த அறை போனால் அந்த அம்மாவுக்குப் பிழைப்பு போச்சு. கோப்பில் இருந்த புகைப்படத்தைப் பார்த்தாலே அது தெரிந்தது.

'பேசவும்' என்று வந்தது. போனேன்.

"அளக்காம, நோட்டீஸ் குடுக்காம அதுல கை வெக்காதீங்க தலைவரே. அந்தம்மா சொல்றதயும் ஒருவாட்டி கேக்கணும்."

"டைம் கம்மி வக்கீல் சார். இந்தவாட்டி கூட்டம் வேற ஜாஸ்தி. எவனாவது பள்ளத்துல விழுந்து கால ஒடிச்சிக்கினா யாரு பதில் சொல்றது?"

"இடிச்சிட்டீங்கன்னா நான் கோர்ட்ல நிக்க மாட்டேன்."

"நிப்பீங்க, நிப்பீங்க" என்று சிரித்தார். டீ வந்தது. "சரி, பாக்கறேன்."

நிறுத்திவிடுவார் என்று நான் எடுத்துக்கொண்டேன். வழக்கம்போல 'பேசப்பட்டது' என்று எழுதினேன். அன்றைக்கு வேங்கிக்காலில், கலெக்டர் அலுவலகத்தில் வேறு வேலை இருந்தது, மூன்று வரி எழுத நேரமில்லை என்று பிற்பாடு பலரிடம் சொல்லியிருக்கிறேன். பொய். நேரம் இருந்தது. அவர் முகம் வாடுவதைப் பார்க்கும் தெம்புதான் இல்லை. எனக்கு அப்போதே எல்லாவற்றிலும் ஒரு சோர்வு வந்திருந்தது. அந்தச் சோர்வை நிதானம் என்று எண்ணிக்கொண்டிருந்தேன்.

நாலாம் நாள் காலையில் பொக்லைன் போய் முன்னறையைத் தள்ளிவிட்டது. கோப்பை வாங்கிப் பார்த்தேன். என் சுருக்கொப்பத்துக்குக் கீழே, 'சட்ட ஆலோசகரிடம் பேசப்பட்டதால் மேல்நடவடிக்கை எடுக்கலாம்' என்று எழுதித் தலைவர் கையெழுத்துப் போட்டிருந்தார். அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. நேரே அவரிடம் போனேன்.

"நான் வேணாம்னுதான சொன்னேன்?"

"சொன்னீங்க. நான் இல்லன்னு சொல்லலையே" என்றார். கோபப்படவில்லை. "எழுதிக் குடுத்திருந்தா நானே நிறுத்தியிருப்பேன் சார். வாயால நீங்க ஆயிரம் சொல்லுவீங்க."

அந்த மாதமே ராஜினாமா எழுதிக் கொடுத்தேன். வருத்தத்தோடு வாங்கிக்கொண்டார். அதிலும் நடிப்பில்லை. பின்னால் சர்வேயர் அளந்தபோது, அறை முழுக்கப் பட்டா நிலத்துக்குள்தான் இருந்தது. அந்த அம்மா மன்றத்தின் மேல் போட்ட வழக்கு இன்னும் நடக்கிறது.

போன மாதம் நீதிமன்றத் தாழ்வாரத்தில் அந்த அம்மா என்னை நிறுத்தினார். தகவல் உரிமைச் சட்டத்தில் வாங்கிய கோப்பின் நகல் கையில் இருந்தது. என் சுருக்கொப்பத்தின் மேல் விரலை வைத்தார்.

"சார், இது நீங்க போட்டதா?"

"ஆமாம்மா. ஆனா நான் இடிக்கக் கூடாதுன்னுதான் சொன்னேன்."

அவர் தாளைத் திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தார். அங்கே ஒன்றும் இல்லை.

"யார்கிட்ட சொன்னீங்க?"

"தலைவர்கிட்ட."

நகலை மடித்துப் பையில் வைத்துக்கொண்டே, குரலை உயர்த்தாமல் சொன்னார்.

"எங்கிட்ட சொல்லியிருந்தீங்கன்னா மிஷினயாவது வெளிய எடுத்து வெச்சிருப்பேன் சார்."