நிலாக்காரரின் பெயர்

எனக்கு ரொம்பப் பிடித்த கதாசிரியரின் பெயரை நான் எங்கேயும் எழுதியதில்லை. இங்கேயும் எழுதப் போவதில்லை. அவர் பெயரும் என் மாமனார் பெயரும் ஒன்று. புருஷன் பெயரை மட்டுமல்ல, மாமனார் பெயரையும் மருமகள் சொல்லக்கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். மாமனார் காலமாகி எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. இருந்தும் என் நாக்கு அந்தப் பெயர் வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்துவிடுகிறது. ஒரே ஒரு தடவை சொல்லியிருக்கிறேன். அதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன்.

பரமத்தி வேலூருக்குப் பக்கத்தில், காவிரியை ஒட்டி எங்களுக்கு வெற்றிலைக் கொடிக்கால் இருந்தது. நான் அந்த வீட்டுக்கு இரண்டாவது மருமகள். மாமியார் நான் வருவதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். ஆகவே வீட்டில் பெண்கள் என்றால் நானும் என் ஓரகத்தியும்தான். என் புருஷனின் அண்ணன் பெண்டாட்டி. சேலம் டவுனில் பிறந்து எட்டாவது வரை படித்தவள். எழுத்தில் 'அவள்' என்கிறேன்; நேரில் 'அக்கா, வாங்க, போங்க' தவிர வேறு பேச்சு கிடையாது. நான் மூன்றாவது வரை படித்தேன். அதிலும் பாதி நாள் மாடு மேய்த்தேன்.

அவளுடைய அண்ணன் சேலத்திலிருந்து மாதாமாதம் ஒரு பத்திரிகையைத் தபாலில் அனுப்புவார். பத்திரிகை வந்ததும் அவள் அதை முதலில் தனியாகப் படிப்பாள். படித்துவிட்டு டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக் கொள்வாள். மறுநாள் மத்தியானம் கிள்ளிய வெற்றிலை வீட்டுக்கு வந்ததும் பத்திரிகை வெளியே வரும். அவள் உரக்கப் படிப்பாள். நான் வெற்றிலையை நிறம் பார்த்து, காம்பு பார்த்து நூறு இலை ஒரு கவுளியாக அடுக்குவேன். படிக்கிறவளுக்கு அடுக்குகிற வேலை இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

அடுத்து என்ன வரப்போகிறது என்று அவளுக்கு ஏற்கெனவே தெரியும். ஆபத்தான இடம் நெருங்கும்போது அவள் உதட்டோரத்தில் ஒரு சிரிப்பு வரும். அந்தச் சிரிப்பைப் பார்த்தால் எனக்கு வயிறு பற்றி எரியும். கதை மேல் ஆசை எவ்வளவோ, அவ்வளவு அவள் மேல் ஆத்திரம். நகையைப் பார்த்தோ புடவையைப் பார்த்தோ நான் அவள் மேல் பொறாமைப்பட்டதில்லை. எனக்கு முன்னால் கதை தெரிந்து வைத்திருந்தாளே, அதற்குத்தான்.

இந்த ஆத்திரத்திலேயே நான் படிக்கக் கற்றுக்கொண்டேன். அவள் குளிக்கப் போகும்போது சாவியை மாடத்தில் வைப்பாள். அந்த நேரம் போதும். முதலில் விரலை வைத்து எழுத்துக் கூட்டினேன். ஆறு மாதத்தில் விரல் தேவைப்படவில்லை.

அந்தப் பெட்டியில் பத்திரிகை மட்டுமல்ல, புத்தகங்களும் இருந்தன. நாமக்கல்லில் தேர் பார்க்கப் போனபோது வாங்கிய பெரிய எழுத்துப் புத்தகம் ஒன்று. அட்டை போய்விட்டதால் எழுதியவர் யார் என்று தெரியாது. ஆற்றுக்கு அடியில் ஒரு நகரம். அங்கே ஜனங்கள் தங்கள் நிழலைச் சந்தையில் விற்பார்கள். எழுதியவருக்கு ஆற்றுக்காரர் என்று பெயர் வைத்தேன். இன்னொரு ஆசிரியர் எறும்புக்காரர். அவர் கதையில் ஒரு வைத்தியர் சூரணம் தின்று எறும்பளவு ஆகிவிடுகிறார். தன் வீட்டு அரிசிப் பானைக்குள்ளேயே இருந்துகொண்டு, தான் செத்துப்போனதாகப் பெண்டாட்டி அழுவதைப் பார்க்கிறார். 'நான் இங்கே இருக்கிறேன்' என்று அவர் கத்துகிற இடத்தை நான் பல தடவை படித்திருக்கிறேன். ஆற்றுக்காரரிடம் எனக்கு ஒரு குறை உண்டு. ஆற்றுக்கு அடியில் அடுப்பு எப்படி எரிந்தது என்று அவர் சொல்லவே இல்லை. சாப்பாட்டுக்கு வழி சொல்லாத ஆசிரியரை நான் முழுசாக நம்புவதில்லை.

நிலாக்காரர் அதைச் சொன்னார். பத்திரிகையில் அவருடைய தொடர்கதை வந்துகொண்டிருந்தது. ஒரு விஞ்ஞானி கண்ணாடி உருண்டைக்குள் உட்கார்ந்து நிலாவுக்குப் போகிறார். எத்தனை மூட்டை அவல், எத்தனை குடம் தண்ணீர், காற்று அடைத்த தோல்பைகள் எத்தனை என்று முதல் மாதமே எழுதிவிட்டார். அன்றைக்கே நான் அவர் பக்கம் சாய்ந்துவிட்டேன். என் மாமனாரின் பெயரை வைத்துக்கொண்டு ஒரு மனிதர் நிலாவுக்கு ஆள் அனுப்புகிறாரே என்று சிரிப்பும் வந்தது. அந்தப் பெயர் வரும் இடத்தில் என் ஓரகத்தி ஒரு நொடி நிறுத்தி, "அவரு" என்று சொல்லிவிட்டு மேலே படிப்பாள். அவருக்கு நிலாக்காரர் என்று பெயர் வைத்தது நான்தான். அவளும் அதையே பிடித்துக்கொண்டாள்.

ஒரு மத்தியானம் விஞ்ஞானி நிலாவில் இறங்கிய கட்டத்தோடு அந்த மாதத்துக் கதை முடிந்தது. நான் கையில் வெற்றிலையை வைத்துக்கொண்டே யோசித்தேன்.

"ஏனுங்க்கா, அங்கிருந்து பாத்தா நம்ம காவேரி எப்படித் தெரியுமுங்க? ஒரு வெத்தலைக் கொடியாட்டந்தான் தெரியும். நடுவால இருக்கிற திட்டெல்லாம் எலையாட்ட இருக்கும்."

"உனக்கு எதப் பாத்தாலும் வெத்தலைதான் கண்ணு" என்று அவள் சிரித்தாள். நானும் சிரித்துவிட்டு அடுத்த கவுளிக்குப் போனேன்.

கொஞ்ச நாள் கழித்துத் தபால்காரர் ஒரு கார்டு கொண்டுவந்தார். வாசலில் நின்ற மாமனார் அதை வாங்கினார். அவர் எழுத்துக் கூட்டிப் படிப்பார். அடியிலிருந்து மேலே படிப்பது அவர் பழக்கம், யார் போட்டது என்று முதலில் தெரிய வேண்டுமல்லவா? அடியில் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். தன் பெயர் இருக்கிறது. மேலே பார்த்தார். 'கொடிக்கால் வீட்டு மருமகள் அவர்களுக்கு' என்று இருக்கிறது.

"ஏஞ்சாமி," என்று மூத்தவளைக் கூப்பிட்டார். "நா எப்ப உனக்குக் கடுதாசி போட்டேன்?"

"அது நீங்க இல்லீங்க மாமா. அது கதை எழுதறவருங்க. மெட்ராஸ்ல இருக்காரு."

"எம்பேர எதுக்கு வெச்சுக்கிட்டிருக்கான்?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் கட்டுத்தரைப் பக்கம் மாடுகளைப் பார்க்கப் போய்விட்டார்.

நிலாக்காரர் அவளுக்குக் கார்டு போட்டிருக்கிறார்! நான் அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அவள் எப்போது எழுதினாள், என்ன எழுதினாள் என்று எனக்குத் தெரியாது. அவர் பெயரை உறைமேல் எழுதியா அனுப்பினாள்? அன்று சாயங்காலம் கேட்டே விட்டேன். "எழுதினா என்ன? வாயாலயா சொன்னேன்?" என்றாள். அந்தத் துணிச்சலுக்கும் ஒரு பங்கு வயிற்றெரிச்சல் பட்டேன். கார்டைக் காட்டச் சொன்னேன். "சும்மா நலம் விசாரிச்சிருக்காரு" என்று பெட்டியில் போட்டுப் பூட்டினாள்.

அடுத்த மாதம் பத்திரிகை வந்தது. இந்த முறை அவள் சிரிப்பில்லாமல் படித்தாள். விஞ்ஞானி நிலாவில் ஒரு பாறைமேல் ஏறி நின்று பூமியைப் பார்க்கிறார். காவிரி தெரிகிறது. ஒரு வெற்றிலைக் கொடியைப் போலத் தெரிகிறது. நடுவில் உள்ள திட்டுகள் இலைகள் போல.

என் கையிலிருந்த அடுக்கு சரிந்தது. அவள் நிமிரவில்லை, வேகமாகப் படித்துக்கொண்டே போனாள். மறுநாள் அவள் குளிக்கப் போனபோது நானே எடுத்துப் பார்த்தேன். பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் ஒரு குறிப்பு இருந்தது: கொடி என்னும் இந்த உவமையை எழுதி அனுப்பிய கொடிக்கால் வீட்டு மருமகளுக்கு ஆசிரியரின் நன்றி.

அவள் ஈரத்தலையோடு வந்தபோது நான் பெட்டியைத் திறந்து வைத்து அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். திருட்டுத்தனமாகப் படிப்பது தெரிந்துவிடும் என்ற பயம்கூட வரவில்லை.

"அது நாஞ் சொன்னதுங்க்கா."

அவள் பத்திரிகையையும் என்னையும் பார்த்தாள். கோபப்படவில்லை. தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னாள்: "சொன்னது நீ. எழுதி அனுப்பினது நான். நான் அனுப்பலேன்னா அது வெத்தலை கூடவே சந்தைக்குப் போயிருக்கும்."

அதுதான் ரொம்ப எரிந்தது. அவள் சொன்னதில் பாதி நியாயம் இருந்தது. மீதிப் பாதி என்னுடையது, அது எனக்கு வேண்டும். என் வாழ்நாளில் என்னுடையது என்று சொல்லிக்கொள்ள அந்த ஒரு வரிதான் இருந்தது. நிலாக்காரர் ஒருவராவது அது யார் வரி என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்று அழுதேன்.

மூன்று நாள் உட்கார்ந்து ஒரு கடிதம் எழுதினேன். எழுத்துகள் எல்லாம் மேடும் பள்ளமுமாக இருந்தன. காவிரி கொடி போலத் தெரியும் என்று சொன்னது நான்தான், அவல் மூட்டைக் கணக்கும் எனக்கு ரொம்பப் பிடித்தது, தண்ணீர் தீர்ந்தபின் விஞ்ஞானி என்ன செய்வார் என்றெல்லாம் எழுதினேன். உறைமேல் பெயர் எழுதும்போதுதான் கை நின்றது. அவளைப் போல எழுதிவிடலாம் என்று பேனாவை வைத்தேன். முதல் எழுத்தை எழுதியதுமே மாமனார் பின்னால் வந்து நிற்பது போல இருந்தது. அதை அடித்துவிட்டு, 'நிலாக் கதை எழுதுகிறவர் அவர்களுக்கு' என்று எழுதிப் பத்திரிகையின் விலாசம் போட்டேன். கீழே கையெழுத்து? என் பெயரை யாருக்குத் தெரியும்! ஊரில் எனக்கு என்ன பெயர் உண்டோ அதையே போட்டேன். கொடிக்கால் வீட்டு மருமகள். ஆத்திரத்தில் இருந்தவளுக்கு, அவளும் அதையே போட்டிருக்கிறாள் என்பது உறைக்கவில்லை.

பதில் வருகிற வரைக்கும் நான் அவளோடு சரியாகப் பேசவில்லை. தபால்காரரின் சைக்கிள் மணி கேட்டால் கையை உதறிக்கொண்டு ஓடுவேன். கடைசியில் வந்தது. இந்தத் தடவை கார்டு என் கையிலேயே கிடைத்தது. அவளும் பின்னாலேயே வந்து நின்றாள். வாசலில் நின்றபடி படித்தேன்.

'அம்மணி, தங்கள் இரண்டாவது கடிதம் கிடைத்தது. கொடி உவமையைத் தாங்கள் முன்பே எழுதியிருந்தீர்கள்; நானும் நன்றி தெரிவித்துவிட்டேன். மறந்துவிட்டீர்கள் போலும். கையெழுத்தும் இம்முறை சற்றுக் கலைந்திருக்கிறது. உடம்பைப் பார்த்துக் கொள்ளவும்.'

கீழே அந்தப் பெயர்.

அவ்வளவு நாளும் அந்த மனிதரைத் தலையில் வைத்துக் கொண்டாடியிருக்கிறேன். நிலாவில் பாறை எத்தனை நிறம் என்று அவருக்குத் தெரிகிறது. ஒரு வீட்டில் இரண்டு மருமகள்கள் இருக்கலாம் என்று தெரியவில்லை. கார்டை ஆகாசத்துக்குத் தூக்கி, அந்தப் பெயரை முழுசாகச் சொல்லி, தொண்டை கிழியக் கத்தினேன்: "டேய், நானும் அவளும் ஒருத்தியாடா?"

கட்டுத்தரையிலிருந்து மாமனாரின் குரல் வந்தது.

"ஆரது? ஆரு எம்பேரச் சொன்னது?"

தபால்காரர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நழுவினார். மாமனார் கையில் மாட்டுக் கயிற்றோடு வந்து நின்று எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார். அப்போது என் ஓரகத்தி என் கையிலிருந்த கார்டை வாங்கிக்கொண்டு ஓரடி முன்னால் போனாள்.

"நாந்தானுங்க மாமா. கடுதாசிக்காரரத் திட்டறேன்னு வாய் தவறிப் போச்சுங்க."

மாமனார் கயிற்றை அங்கேயே போட்டுவிட்டு உள்ளே போனார். அன்றிலிருந்து பல மாதம் அவர் அவள் கையால் ஒரு வாய்த் தண்ணீர் வாங்கவில்லை. சோறு நான்தான் போட வேண்டும், மோரும் நான்தான் ஊற்ற வேண்டும். அவள் அடுப்படிக்குள்ளேயே இருந்து ஆக்கித் தருவாள், நான் எடுத்துக்கொண்டு போவேன். அவளுக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. வரியையும் எடுத்துக்கொண்டாள், இப்போது நான் போட்ட கூச்சலையும் தன் கணக்கில் எழுதிக்கொண்டாளே என்றுதான் இருந்தது.

தை நோன்புக்குச் சொந்தக்காரர்கள் வந்திருந்தார்கள். நான் மாமனாருக்கு மோர் ஊற்றிக்கொண்டிருந்தேன். அவர் எல்லார் முன்னாலும் என்னைக் காட்டிச் சொன்னார்: "இந்தச் சின்னவளப் பாருங்க. எம்பேரச் சொல்றது என்ன, எழுதக்கூட மாட்டா. மருமகள்னா இப்படி இருக்கோணும்."

அடுப்படி நிலையில் அவள் நின்றுகொண்டிருந்தாள். எனக்குத் தெரிந்த அந்தச் சிரிப்பு அவள் உதட்டோரத்தில் இருந்தது, அடுத்து என்ன வரப்போகிறது என்று தெரிந்தவள் சிரிக்கிற சிரிப்பு. நான் சொல்லிவிடுவேன் என்று நினைத்தாளோ, சொல்லமாட்டேன் என்று நினைத்தாளோ தெரியாது. நான் தலையைக் குனிந்துகொண்டு மாமனாருக்கு இன்னும் கொஞ்சம் மோர் ஊற்றினேன்.