கண்படாமல் வைத்த சோறு

குளியலறையில் குழாயை முழுதாகத் திறந்துவிட்ட சத்தம் கேட்டதும் விஜயலட்சுமி மிக்ஸியை நிறுத்தினாள். தேங்காய் பாதி அரைபட்டுக் கிடந்தது. தலையைச் சாய்த்துக் காது கொடுத்தாள்.

"அம்மா, துணிதான் அலசுறேன்!" உள்ளேயிருந்து மகள் பரிதியின் குரல்.

"நான் ஒன்னும் கேக்கலையே!"

"மிக்ஸி நின்னுச்சே."

விஜயலட்சுமி மிக்ஸியை மறுபடி ஓடவிட்டாள். தண்ணீர்ச் சத்தத்துக்கு இப்படிக் காது கொடுக்கப் பழகியது சில மாதங்களாகத்தான். அதற்கு முன் வருஷக்கணக்கில் அந்தக் குழாய் கொட்டிக்கொண்டுதான் இருந்தது. அவள் கேட்டதில்லை.

அம்மாப்பேட்டைப் பக்கம் ஒரு வேலி நிலம், ஆறரை ஏக்கருக்கு மேல். கணவர் ராஜ்குமார் சிங்கப்பூரில். நாற்று விடுவதிலிருந்து நெல்லை விற்பது வரை இவள்தான். யாரைப் பார்த்தாலும் நலம் விசாரிக்க மாட்டாள், "என்ன சாப்புட்டீங்க?" என்பாள். சாப்பிடவில்லை என்று சொன்னவர் தப்பித்தார் என்பது கிடையாது. "கோழி மாதிரி கொத்தாம அள்ளித் தின்னுங்க" என்று பக்கத்திலேயே நிற்பாள். நடவுக்கு வரும் பெண்கள் சிரிப்பார்கள்: "அந்தம்மா வயல்ல நாம எறங்கினா மதியத்துக்கு மேல குனிய முடியாதுடி. வேலையால இல்ல, சோத்தால."

இப்படிப்பட்டவளுக்கு நன்றாகச் சாப்பிடுகிற மகள் பிறந்தால் பெருமைக்குக் கேட்பானேன்? ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

பரிதி பிளஸ் டூ முடித்த வருஷம் உறவில் ஒரு காதுகுத்து. பந்தியில் நாத்தனார் மங்களாம்பிகை எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள்: "ஏன் விஜயா, நீ பொண்ணு வளக்குறியா, நெல்லு கொட்டப் பத்தாயம் கட்டுறியா?" பந்தியே சிரித்தது. விஜயலட்சுமியும் சிரித்தாள். எதிரே பரிதியின் கை இலையிலேயே நின்றுவிட்டதைப் பார்த்துக்கொண்டே சிரித்தாள். அந்த ஒரு சிரிப்பைத் திரும்ப வாங்கிக்கொள்ள முடியுமானால் அந்த ஒரு வேலி நிலத்தையும் எழுதிக் கொடுத்துவிடுவாள் இன்று.

அதன் பிறகு பரிதி சில நாள் வெறும் பச்சைத் தண்ணீரைக் குடித்துக் கிடப்பாள். பிறகு ஒரே மூச்சில் குண்டான் சோறு காலியாகும். உடனே குளியலறை, குழாய். வெளியே வரும்போது கண் சிவந்திருக்கும், தாடை வீங்கியிருக்கும். "ஒத்துக்கலம்மா" என்பாள். உடம்பு பெரிதாக இளைக்கவும் இல்லை, சந்தேகப்பட ஏதுமில்லை. பந்தியில் பட்ட கண் என்று தாய் முடிவு செய்தாள். உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டாள். "நெடியே வரல பாரு, அம்புட்டுக் கண்ணு!" என்று நெஞ்சில் அடித்துக்கொண்டாள்.

அத்தோடு நிற்கவில்லை. மகள் சாப்பிடுவதை இனி எவரும் பார்க்கக் கூடாது என்று உள்ளறையில் தனியாகச் சோறு வைத்தாள். கூடவே முறுக்கு டின்னும். "யாரு கண்ணும் படாது, நீ பாட்டுக்குச் சாப்புடு தங்கம்." அந்த நோய் கேட்டதே தனிமையைத்தான். அதை வேளை தவறாமல் கொடுத்தவள் பெற்ற தாய்.

பல் கூச்சம் என்று தஞ்சாவூருக்குக் கூட்டிப்போன அன்றுதான் தெரிந்தது. பல் டாக்டர் ஹுமைரா சின்னக் கண்ணாடியால் மேல்வரிசைப் பற்களின் பின்பக்கத்தை வெகுநேரம் பார்த்தார். "கொஞ்சம் வெளியில இருங்கம்மா" என்றார். திரும்ப அழைத்தபோது பரிதி அழுதுகொண்டிருந்தாள்.

"வயித்து அமிலம் மேல வந்து வந்து பல்லு கரைஞ்சிருக்கும்மா. அடக்க முடியாம சாப்புடுறா, அப்புறம் பயந்து அவளே வாந்தி எடுத்துடுறா. புலிமியான்னு பேரு. இது திமிரு இல்ல, வியாதி. வைத்தியம் இருக்கு. மனநல டாக்டருக்கு எழுதித் தரேன்."

"தனியா வச்சுச் சோறு போட்டேனே டாக்டர்... அது தப்பா?"

ஹுமைரா எழுதிய சீட்டை அவள் கையில் கொடுத்தார். "இனிமே கூட உக்காருங்க" என்றார்.

இப்போது ரத்தப் பரிசோதனை, மாத்திரை, வாரம் ஒருமுறை டாக்டரிடம் பேச்சு. மூன்று வேளைச் சாப்பாடு, நடுவில் சிற்றுண்டி, எல்லாம் நேரத்துக்கு, எல்லாம் கூடத்தில், தாயும் மகளும் சேர்ந்து. சாப்பிட்டபின் ஒரு மணி நேரம் தனியே விடக்கூடாது. உடம்பைப் பற்றி யாரும் வாய் திறக்கக்கூடாது. அந்த ஒரு மணி நேரத்தை ஓட்ட விஜயலட்சுமிக்குத் தெரிந்தது வயல் பேச்சு ஒன்றுதான்.

"அம்மா, எலிக் கதை போதும்."

"சரி, நண்டுக் கதை சொல்றேன்."

போன மாதம் ஒருநாள் கட்டுத் தவறி மறுபடி வாந்தி. பரிதியே வந்து சொன்னாள். விஜயலட்சுமி திட்டவில்லை. "சொன்னியே, அது போதும்" என்றாள். பிறகு வயலில் மோட்டார் கொட்டகைக்குப் போய், முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு அழுதாள்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. துணி அலசி முடித்த பரிதி வந்து உட்கார்ந்து நன்றாகவே சாப்பிட்டாள். நண்டுக் கதை பாதியில் இருக்கும்போது மங்களாம்பிகை உள்ளே நுழைந்தாள்.

"அடி பரிதி! என்ன இது, கன்னமெல்லாம் உப்பி? இப்படி ஊதிக்கிட்டே போனா நாங்க மாப்பிள்ளைக்கு எங்க போறது?"

பரிதியின் முகம் வெளிறியது. எழுந்தாள். "கை கழுவிட்டு வரேம்மா."

கை கழுவி அரைமணி ஆகியிருந்தது. விஜயலட்சுமி அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். "உக்காரு தங்கம்." பிறகு நாத்தனாரைப் பார்த்தாள். "அக்கா, நீங்க கெளம்புங்க."

"என்ன விஜயா, வெளையாடுறியா? இன்னும் ஒரு வாய் தண்ணிகூடக் குடிக்கல."

"எம்பொண்ணுக்கு ஒடம்பு சரியில்லக்கா. இந்தப் பேச்சுலதான் அது வந்துச்சு. அன்னிக்கே உங்கள நிறுத்தியிருக்கணும். நிறுத்தாம நானும் சேந்து சிரிச்சேன். இப்ப அனுபவிக்கிறது அவ."

"இது எந்தம்பி வீடு, தெரியுமில்ல? இப்பவே போன் போடுறேன்."

"போடுங்க. அவங்ககிட்ட எல்லாம் சொல்லியாச்சு."

மங்களாம்பிகை பரிதியைப் பார்த்தாள். பரிதி உட்கார்ந்திருந்தாள், தரையைப் பார்த்துக்கொண்டு, ஆனாலும் உட்கார்ந்திருந்தாள்.

வாசற்படி இறங்கிய மங்களாம்பிகை ஒருமுறை திரும்பி நின்றாள். கூப்பிடுவாள் என்று எதிர்பார்த்திருக்கலாம். விஜயலட்சுமி இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி, கோயிலில் கும்பிடுவதுபோல் அவளைக் கும்பிட்டாள். கும்பிட்ட கையால் கதவைச் சாத்தினாள்.