முன்கூட்டிச் சொன்ன சாட்சி

'கவலைகளையெல்லாம் கர்த்தரிடம் ஒப்படைத்துவிட்டு நிம்மதியாக வாழும் ஜெப வீராங்கனை' என்று சபையின் ஆண்டு மலரில் பொற்கொடியின் படத்துக்குக் கீழே அச்சிட்டிருந்தார்கள். படம் அவளுடையதுதான். மற்றபடி, கருமத்தம்பட்டியில் அவளைப்போலக் கவலைப்பட இன்னொரு ஆள் கிடையாது. கவலைகளை அவள் ஒப்படைக்கத்தான் செய்தாள். ஒப்படைத்தபின், பத்திரமாக இருக்கிறதா என்று போய்ப் பார்த்து, கையோடு திரும்ப எடுத்துக்கொண்டும் வந்துவிடுவாள்.

கேஸ் அடுப்பை அணைத்தோமா என்பதில் தொடங்கும் அந்தக் கவலைகள் மலர் வந்த வருஷத்தில் ஒன்றே ஒன்றாகச் சுருங்கின. புருஷன் மயில்சாமிக்குக் கல்லீரல் கெட்டு வயிறு வீங்கியிருந்தது. அவன் சபைக்குள் வராதவன். நல்லாயிருந்த காலத்தில் வாசல்வரை வண்டியில் கொண்டுவந்து விட்டுவிட்டு எதிர் டீக்கடையில் காத்திருப்பான். "எனக்கும் சேர்த்து நீயே பேசிப்போட்டு வந்துரு அம்மணி" என்பான்.

அந்தச் சபையில் ஒரு வழக்கம். வியாதி குணமானபின் அதைச் சபைமுன் சாட்சியாகச் சொல்வது ஊர் நடப்பு. இங்கே குணமாகுமுன்பே எழுந்து, குணமாகிவிட்டது என்று நன்றி சொல்லிவிட வேண்டும். அதுதான் விசுவாசம் என்பார் பாஸ்டர். ஒரு ஞாயிற்றுக்கிழமை பொற்கொடியும் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்தாள்.

"என்ற ஊட்டுக்காரருக்கு நல்லாயிருச்சுங்க. கர்த்தருக்கு ஸ்தோத்திரமுங்க."

சபையே கைதட்டியது. உட்கார்ந்த பிறகுதான் அவளுக்குச் சிக்கல் புரிந்தது. நல்லாகிவிட்ட மனுஷனுக்காக ஜெபிக்கச் சொல்லி இனி யாரைக் கேட்பது? கேட்டால் சாட்சி பொய்யாகிவிடும். மயில்சாமிக்குக் கால்களும் வீங்கத் தொடங்கின. சபையிலோ, "அண்ணன் நடமாடறாருங்களா? கூட்டிட்டு வர்றதுங்களே!" என்றார்கள். சிரித்து வைத்தாள்.

ஆகவே, தான் வேலை பார்க்கும் தறிக்குடோனில் ஜெபித்தாள். தறிகள் ஓடும்போது பக்கத்தில் நின்று கத்தினாலும் காதில் விழாது. அங்கே வாய்விட்டுக் கதறினாள். நூல் அறுந்தால் தறியை நிறுத்தி, முடிச்சுப் போட்டு, ஓடவிட்டு, விட்ட வார்த்தையிலிருந்து தொடர்வாள். ஊரறிந்த ஜெப வீராங்கனை ஒளிந்து ஜெபித்த இடம் அது. வீட்டுக்கு வந்து, வேளை தவறாமல் மாத்திரையும் கொடுத்தாள்.

"ஏம்புள்ள, நான் நல்லாயிட்டேன்னு மைக்குல சொல்லிப்போட்டயாமா? அப்பறம் எதுக்கு இத்தனை மாத்திரை?"

"பேசாம முழுங்குங்க."

"உங்க சாமி கோவிச்சுக்கப் போறாரு."

"அவருக்குத் தெரியுமுங்க. அவருகிட்ட மட்டுந்தான் இன்னும் நெசத்தைச் சொல்லிட்டு இருக்கறேன்."

கேலி செய்து பழகிய மயில்சாமி அதற்குச் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் அவள் கையைப் பிடித்திருந்தான். "அப்ப அதை மட்டும் உட்டுறாதே" என்றான்.

ஆடியில் இறந்துபோனான். பங்காளிகள் வைத்த ஆள் சங்கு ஊதிக்கொண்டிருக்க, வாசலோடு நின்ற பாஸ்டர், "கர்த்தருடைய சித்தம்மா" என்றார். சாட்சியைப் பற்றி அவரும் பேசவில்லை, வேறு யாரும் பேசவில்லை. எல்லோரும் எதிர்பார்த்தபடியே பொற்கொடி சபைக்கு வருவது நின்றது. இனி வரமாட்டாள் என்று முடிவுகட்டி, அவள் வழக்கமாக உட்காரும் ஜன்னலோரத்தில் வேறொருத்தி பாய் விரித்துக்கொண்டாள்.

தறிக்குடோனில் ஜெபம் மட்டும் நிற்கவில்லை. கேட்பதற்கு ஒன்றும் மிச்சமில்லாததால் பாதிநாள் கர்த்தரோடு சண்டைதான் போட்டாள்.

ஒரு வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்துக்கு நடந்தே வந்து சேர்ந்தாள். டீக்கடைப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. உள்ளே ராசாத்தாள் என்ற சபைக்காரி சாட்சி சொல்ல எழுந்துகொண்டிருந்தாள். அவள் மகள் பெரியாஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்தாள். பொற்கொடி ராசாத்தாளின் சேலைத் தலைப்பைப் பிடித்து இழுத்தாள்.

"அக்கா, புள்ளைக்கு நல்லாயிருச்சுங்களா?"

"இன்னும் இல்ல கண்ணு."

"அப்ப இல்லைன்னே சொல்லுங்கக்கா. கூட ஜெபம் பண்ண ஆள் வேணுமில்லீங்களா?"

பாஸ்டர் மைக்கை நீட்டியபடி நின்றார். ராசாத்தாள் அதை வாங்கி, "எம்புள்ளைக்கு இன்னும் நல்லாகலீங்க" என்றாள். மைக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டு உட்கார்ந்தாள்.

பொற்கொடி பக்கத்தில் முழங்கால் போட்டு, எல்லோர் காதிலும் விழும்படி ராசாத்தாளின் மகளுக்காக ஜெபம் பண்ணினாள்.