ஏரம்பமூர்த்தியின் இடச்செவி

கண்ணுக்கு இமை உண்டு. வாய்க்கு இதழ் உண்டு. செவிக்கு மட்டும் படைத்தவன் கதவு வைக்கவில்லை. அக்கதவில்லா வாயில்களுள் ஒன்று, பின்னாளில் நியூசிலாந்தின் பாபடோயிட்டோயில் வாழ்ந்த ஏரம்பமூர்த்திக்கு ஆயிரத்துத் தொளாயிரத்துத் தொண்ணூறாம் ஆண்டு ஆவணி மாதத்தில் அடைபட்டுப் போயிற்று. யாழ்ப்பாணத்தில் விமானம் இட்ட குண்டொன்று அவருடைய ஏழு வயது மகன் ஆரணனைக் கொண்டுபோன அதே கணத்தில் அவரது இடச்செவியையும் கொண்டுபோயிற்று. மகன் போனதை ஊர் அறியும். செவி போனதை எவரும் அறியார். மனைவி மரகதமும் அறியாள்.

பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டில் காதைப் பற்றிப் பேச அவருக்கு நாணமாயிருந்தது. இரண்டாண்டுக்குப் பின் நியூசிலாந்து விசாவுக்காகக் கொழும்பில் மருத்துவச் சோதனைக்குப் போனபோது, காது கேளாதவனை எடுக்கமாட்டார்கள் என்று வரிசையில் நின்ற எவரோ சொன்னார். அது மெய்யோ பொய்யோ என்று அவர் விசாரிக்கவில்லை, வாயை மூடிக்கொண்டார். பின் ஒக்லாந்தில், மனுரேவா என்ற இடத்தில் அட்டைப்பெட்டி செய்யும் தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. இயந்திர இரைச்சலில் ஒருவர் கூப்பிட்டு மற்றவர் கேட்காவிட்டால் விரல் போகும் இடம் அது. அங்கும் மறைத்தார்.

மறைப்பதற்கு ஒரு ஒழுங்கு வேண்டியிருந்தது. வெள்ளிக்கிழமைக் கூட்டுப் பிரார்த்தனையில் எப்போதும் வரிசையின் இடக்கோடியில் அமர்வார். பாடுவோர் எல்லாரும் அவருக்கு வலப்புறம் இருப்பர். வீட்டில் இடத்தோள் சுவரை ஒட்டியிருக்கும்படி நாற்காலியைப் போட்டுக்கொண்டார். கார் ஒன்றில்தான் இடர்ப்பாடு: இந்நாட்டில் ஓட்டுபவர் வலப்புறம், அருகிருப்பவர் இடப்புறம். ஆகவே ஒரு சட்டம் இயற்றினார். “காருக்குள்ள கதை வேண்டாம். நான் றோட்டைப் பாக்கவேணும்.” மரகதம் அச்சட்டத்துக்கு வேறு பொருள் கொண்டாள்.

அவளிடமும் ஒரு மறைவு இருந்தது. குண்டு விழுந்த அன்று விமான இரைச்சல் கேட்டதும் மகனுடன் பின்வளவிலிருந்த பதுங்குகுழிக்குள் இறங்கிவிட்டாள். இறங்கிய பிறகுதான் மண்ணெண்ணெய் அடுப்பு எரிகிறது என்ற நினைவு வந்தது. போத்தல் எண்ணெய்க்கு ஒரு பகல் வரிசையில் நிற்கவேண்டிய காலம். “ஓடிப்போய் அடுப்பை நூத்திட்டு வா” என்று அதை அணைக்க மகனை அனுப்பினாள். அவன் சமையற்கட்டான குசினிக்குப் பாதி வழி ஓடினான். அந்நேரம் வேலையிலிருந்து திரும்பிப் படலையைத் திறந்த தந்தை அவனை நோக்கி ஓடினார். குண்டு இருவரையும் முந்திற்று. “அவன் தானா ஓடீட்டான்” என்று அவள் கணவரிடம் சொன்னாள். கேட்ட எல்லாரிடமும் அதையே சொன்னாள்.

தொண்ணூற்றிரண்டில் சிங்கப்பூரிலிருந்து ஒக்லாந்துக்கு வரும் விமானத்தில், கைக்குழந்தை ராகவியை மடியில் வைத்தபடி, அவள் அப்பொய்யை எடுத்தெறிய முயன்றாள். நடந்ததைத் தாழ்ந்த குரலில் முதலிலிருந்து முடிவுவரை சொன்னாள். கணவர் முன்னிருக்கையின் முதுகைப் பார்த்தபடி இருந்தார்; முகத்தில் ஒன்றும் அசையவில்லை. ஒக்லாந்து வரும்வரை காத்திருந்தாள். அதற்குப் பின்னும் காத்திருந்தாள். ஒரு சொல் போதும், வசைச்சொல்லாயினும் போதும். அச்சொல் வரவில்லை. அவர் மன்னிக்கவில்லை, மன்னிக்கவில்லை என்று சொல்லவும் விரும்பவில்லை என அவள் முடிவு செய்துகொண்டாள். விமானத்தில் தான் அவரது இடப்புறம் இருந்தது அவள் கணக்கில் வரவேயில்லை.

இந்நிலையில்தான் இன்னொரு கார் வீட்டுக்கு வந்தது.

தொழிற்சாலையில் உடன் வேலைசெய்த யேசுராசா மன்னாரைச் சேர்ந்தவர், நல்ல வாயாடி. அவருடைய மருமகன் ஜப்பானிலிருந்து வந்த பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கி, ஆறே மாதத்தில் எஞ்சினை உடைத்துவிட்டுக் கைகழுவிப் போனான். தம் கராஜுக்கு இழுத்துவந்த அக்காரின் எஞ்சினை ஏரம்பமூர்த்தி திறந்து பார்த்துத் திகைத்து நின்றார். ஊரில் இருபதாண்டு லொறி எஞ்சின் திருத்தியவர் அவர். இதிலோ பிஸ்டன் இல்லை, வால்வு இல்லை. மூன்று மூலை கொண்ட இரும்புக்கட்டி இரண்டு, தத்தமக்குரிய நீள்வட்ட அறையில் சுழல்கின்றன. ஒவ்வொரு மூலையிலும் ஒரு மெல்லிய தகடு அறைச்சுவரை உரசியபடி காற்றை அடைத்து நிற்கிறது. அபெக்ஸ் சீல் என்று அத்தகட்டுக்குப் பெயர். அது முறிந்தால் எஞ்சின் பிணம்.

“இடிக்கிறதே இல்லை, யேசு. சுத்துறது மட்டும்தான்” என்றார். அவருக்கு அது பெரிய ஆறுதலாயிருந்தது.

தொண்ணூற்றுநான்கு தொடங்கி மூன்று ஆண்டு, சனியும் ஞாயிறும் அவர் கராஜுக்குள் கழிந்தன. ஒவ்வொரு துண்டாகக் கழற்றி மண்ணெண்ணெயில் ஊறவைத்துப் பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தார். தேய்ந்த அறைகளுக்குப் பதில் நல்லவை தேடினார். புதுத் தகடுகளை ஒவ்வொன்றாக அளந்து அமர்த்தினார். காற்றை அழுத்தி ஊட்டும் டர்போவுக்குப் பதிலாகப் பெரியதொன்றைப் பூட்டினார். அதற்கேற்பப் பெற்றோலை அளந்துவிடும் சிறு கணினியையும் வைத்தார். மரகதம் கராஜ் வாசலைத் தாண்டியதில்லை. காரின்மேல் வெறுப்பென்று அவர் எண்ணினார். அவளால் தாங்கமுடியாதது அந்த மண்ணெண்ணெய் மணம்.

“அண்ணை, இது காரோ, கோயில் தேரோ? மூண்டு வருசமா இழுக்கிறியள், இருப்பிடம் விட்டு அசையேல்லையே” என்பார் யேசுராசா.

வாசலில் தேநீருடன் நிற்கும் மரகதம் விடமாட்டாள். “தேரெண்டால் வருசத்துக்கு ஒருக்காவது வெளியில வரும், தம்பி.”

தொண்ணூற்றேழு மாசியில் அது வெளியில் வந்தது. ஆயிரம் மைல் மெல்ல ஓட்டிப் பதப்படுத்தினார். எஞ்சியது ஒன்றே: டர்போவின் அழுத்தத்தைப் படிப்படியாக ஏற்றி, ஒவ்வொரு படிக்கும் வேண்டிய பெற்றோலைக் கணினியில் திருத்துதல். பெற்றோல் குறைந்தால் அறைக்குள் கலவை முறை தவறி வெடிக்கும். அவ்வெடிப்பு இரண்டு மூன்று நொடி நீடித்தாலே சீல் முறியும். அதைச் செவியால்தான் பிடிக்கவேண்டும்.

அதற்காக ஒரு செப்புக்குழாயின் நுனியைத் தட்டையாக்கி எஞ்சினில் முடுக்கி, மறுநுனியில் இறப்பர்க் குழாய் மாட்டி உள்ளே கொணர்ந்து, டொக்டர் ஒருவர் கழித்துவிட்ட ஸ்டெதஸ்கோப்போடு இணைத்தார். “நான் ஓடுறன், நீ கேள்” என்று யேசுராசாவை இடப்புறம் இருத்தினார். வெடிப்புக் கேட்டால் கையில் தட்டவேண்டும் என்பது ஏற்பாடு. தட்டினால், ஓட்டும் அவருடைய கால் பெற்றோல் மிதியிலிருந்து எடுபடும்.

“அண்ணை, உங்கட எஞ்சினுக்கு மூண்டு மாசம். நாடி நல்லாயிருக்கு” என்று ஸ்டெதஸ்கோப்பைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு யேசுராசா டொக்டர் வேடம் போடுவார்.

மூன்று ஞாயிறு இருவரும் போனார்கள். நான்காம் ஞாயிறு யேசுராசாவின் தேவாலயத்தில் திருநாள். அவரால் வர இயலவில்லை. மாற்றியமைத்த கார்களைப் பார்த்துச் சான்று தரும் பரிசோதகர் செவ்வாய்க்கிழமைக்கு நாள் குறித்திருந்தார். காலைச் சாப்பாட்டைத் தொடாமல் இருந்த கணவரை மரகதம் பார்த்தாள்.

“நான் வாறன். பிரார்த்தனைப் பாட்டில சுருதி இம்மி விலகினாலும் எனக்குத் தெரியும். எஞ்சின்ர சத்தம் தெரியாதே?”

இந்நாட்டுக்கு வந்தபின் அவர் தேவை ஒன்றுக்கு அவள் துணையாக முன்வந்தது அன்றுதான், அவரும் மறுக்கவில்லை. ராகவியை அயல்வீட்டில் விட்டுவிட்டு, விமான நிலையத்துக்கு அண்மையில் பண்டகசாலைகள் நிறைந்த நேர்த்தெருவுக்குப் போனார்கள். ஞாயிற்றுக்கிழமையாதலால் தெரு வெறிச்சோடிக் கிடந்தது.

“சட்டியில எள்ளு வறுக்கேக்க முதல் எள்ளு வெடிக்குமே, அந்தச் சத்தம்” என்று அவர் வெடிப்புக்கு அடையாளம் சொன்னார்.

“எள்ளோ, கடுகோ?”

“எள்ளு.”

“எள்ளெண்டால் மெல்லிசு. கேக்கும், நீங்கள் ஓடுங்கோ.”

சத்தத்தை அத்தனை கவனமாகச் சொல்லிக்கொடுத்தவர் சைகையைச் சொல்லிக்கொடுக்க மறந்தார். மூன்று வாரம் யேசுராசாவோடு பழகிய ஏற்பாடு, உலகம் முழுவதும் அறிந்தது போல் அவர் மனத்தில் இறுகியிருந்தது.

மூன்று ஓட்டம் குறையின்றி முடிந்தன. நான்காவதில் அழுத்தத்தை ஒரு படி ஏற்றினார். வெக்கைக்காக அவர் பக்கக் கண்ணாடி இறங்கியிருந்தது. காற்றும் புகைக்குழாயின் முழக்கமும் வலச்செவியை நிறைத்தன. கார் மூன்றாம் கியரில் எழும்பியபோது மரகதம் ஒரு எள்ளைக் கேட்டாள். அடுத்து இரண்டு. பின் ஒரு கைப்பிடி.

“இஞ்சருங்கோ, காலை எடுங்கோ!”

அவர் எடுக்கவில்லை. இன்னும் உரக்கக் கூவினாள். மூன்றாம் முறை அலறினாள். திரும்பி அவர் முகத்தைப் பார்த்தாள். முன்னே பார்த்தபடி அசையாதிருந்த அம்முகம் விமானத்தில் அவள் கண்ட முகம். அக்கணம் எஞ்சினுக்குள் ஏதோ ஒன்று முறிந்தது. விசை அற்றது. கார் நொண்டி நொண்டி ஒரு கம்பிவேலி ஓரமாய் நின்று அணைந்தது.

அவர் அவள் பக்கம் முழுமுகமாகத் திரும்பினார். “கேட்டதோ உமக்கு?”

“மூண்டு தரம் கத்தினன்!”

“எப்ப?”

“எப்பவோ?” ஸ்டெதஸ்கோப்பைக் கழற்றி எறிந்தாள். “பக்கத்தில இருந்து தொண்டை கிழியக் கத்துறன், கல்லு மாதிரி இருக்கிறியள். பிளேனிலயும் இப்பிடித்தான் இருந்தனியள். அண்டைக்கு என்னை ஏசியிருக்கலாம். அடிச்சிருக்கலாம். அஞ்சு வருசம் ஒரு சொல்லுக்குக் காத்திருக்கிறன்.”

“பிளேனில என்ன?”

அவர் தம் இடச்செவியைத் தொட்டார்.

“இது இல்லை, மரகதம். குண்டோட போனது. சொல்லேல்லை.”

வேலிக்கப்பால் விமானமொன்று இறங்கிற்று. அது தரைதொடும்வரை அவள் அதையே பார்த்தாள். விமானத்தில் தான் சொன்னதைக் கேட்டவன் இறைவன் ஒருவனே என்பது அவளுக்கு மெல்ல விளங்கியது. இனி அதைச் சொல்லாமலே இருந்துவிடலாம், கேட்பாரில்லை. அவள் கதவைத் திறந்து இறங்கினாள். காரின் முன்புறமாகச் சுற்றி நடந்து, அவருடைய வலப்புறத்துச் சாளரத்தருகே வந்து நின்றாள்.

“அவன் தானா ஓடேல்லை. அடுப்பை நூக்கச் சொல்லி நான்தான் அனுப்பினன்.”

அவர் கை ஸ்டியரிங்கை விட்டு எடுபடவில்லை.

“தெரியும்.”

“ஆர் சொன்னது?”

“ஒருத்தரும் சொல்லேல்லை. நான் படலையடியில நிண்டனான். நீர் கத்திச் சொன்னது கேட்டது. அப்ப எனக்கு ரெண்டு காதும் கேக்கும்.”

அவள் கதவின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். “பின்னை ஏன் இவ்வளவு காலமும் பேசாமல் இருந்தனியள்?”

“தானா ஓடினவன் எண்டு நீர் சொன்னீர். அப்பிடிச் சொன்னால்தான் உம்மால இருக்கேலும் எண்டு நினைச்சு விட்டிட்டன்.”

“என்னில பிழையெண்டு நினைக்கேல்லையோ?”

“நினைச்சன்” என்றார் அவர். “கனகாலம் நினைச்சன். பிறகு பாத்தால், நானும் ஓடித்தான் வந்தனான். பிந்தீட்டன்.”

அவள் காத்திருந்த சொல் அதுவன்று. மன்னிப்பும் அதில் இல்லை, வசையும் இல்லை. ஆயினும் அவளிடம் வந்து சேர்ந்த சொல் அது ஒன்றுதான். தெருவோரப் புல்லில் அமர்ந்து அவள் அழுதாள். அவர் இறங்கி அருகே வந்து நின்றார். தொடுவதா விடுவதா என்று அறியாமல் நின்றார். இழுவை வண்டி வரும்வரை இருவரும் அவ்வாறே இருந்தனர்.

எஞ்சினைத் திறந்தபோது இரண்டு சீல் தூளாகியிருந்தன. அறைச்சுவர் நெடுகக் கீறல்கள் உழுதிருந்தன. “இன்னொருக்காச் செய்யலாம், அண்ணை” என்றார் யேசுராசா, வழக்கமான கேலி எதுவுமின்றி. மரகதமும் செய்யச் சொன்னாள். ஏரம்பமூர்த்தி வேண்டாமென்று தலையசைத்துவிட்டார். சித்திரையில் காரின் உடலை வேறொருவர் இழுத்துப் போனார். தொழிற்சாலையில் காதைப் பற்றிச் சொன்னார். வேலை போகவில்லை, இரைச்சல் குறைந்த பகுதிக்கு மாற்றினார்கள். ஏழாண்டு அஞ்சியது அவ்வளவுதான். வலச்செவியின் கேட்கும் திறனும் இறங்கி வருகிறது என்று காதைப் பரிசோதித்தவர் சொன்னதை மட்டும் வீட்டில் மெதுவாகச் சொன்னார். இம்முறை சொன்னார்.

அவ்வாண்டு ஆவணியில், ஒக்லாந்தின் குளிர் விடாத ஒரு காலையில், மரகதம் சோறும் ஆரணனுக்குப் பிடித்த கத்தரிக்காய்ப் பொரியலும் சமைத்தாள். ஆரணன் இறந்த அந்நாளில் இருவரும் ஆண்டுதோறும் ஒருவர் அறியாமல் ஒருவர் உண்ணாதிருந்ததுண்டு, சேர்ந்து படைத்ததில்லை. பெட்டியின் அடியில், பள்ளிச் சான்றிதழ்களுக்கிடையே கிடந்த மகனின் படத்தை அவர் எடுத்துத் துடைத்து, வாழையிலைக்கு முன்னே வைத்து விளக்கேற்றினார்.

ஆறு வயது ராகவி பள்ளிச் சீருடையுடன் வந்து நின்று படத்தை உற்றுப் பார்த்தாள்.

“அம்மா, ஹூ இஸ் ஹீ?”

தாயும் தந்தையும் ஒருங்கே வாய் திறந்தனர். ஒருவருக்கு ஒருவர் வழிவிட்டு இருவரும் நிறுத்தினர். அடுப்பில் பால் பொங்கி வழியும் ஓசை கேட்டது. ஏரம்பமூர்த்தி எழுந்துபோய் அடுப்பை அணைத்துவிட்டு வந்து அமர்ந்தார். மரகதம் மகளை மடியில் இருத்திச் சொல்லத் தொடங்கினாள்.